வீட்டுக்காரர் கையில் டெஸ்டர் – ஒரு இங்கிலாந்துக் கதை

பிரிட்டனில் 'எலக்ட்ரீஷியன்' என்று வேனில் எழுதி ஒட்டிக்கொண்டு கிளம்ப எந்த லைசென்ஸும் வேண்டாம். நிஜமாத்தான். டாக்டர் என்று போர்டு மாட்டினால் உள்ளே தூக்கி வைத்துவிடுவார்கள். எலக்ட்ரீஷியன் என்று மாட்டினால் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதைவிட ஆச்சரியம், சொந்த வீட்டில் சொந்தக் கையால் வயரிங் செய்துகொள்ளவும் அங்கே தடை கிடையாது. டீ குடிப்பதற்கே நாலு விதி வைத்திருக்கிற ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இப்படி!

நம்மூரில் கதை நேர் எதிர். 1956 இந்திய மின்சார விதிகளில் 45வது விதி என்று ஒன்று இருந்தது. பல்பு, ஃபேன், ப்யூஸ், சுவிட்ச் மாதிரி சாமான்களை இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டி எதைத் தொட்டாலும் மாநில அரசு லைசென்ஸ் கொடுத்த கான்ட்ராக்டர்தான் தொடணும். 2010ல் மத்திய மின்சார ஆணையம் புது விதிமுறைகள் கொண்டுவந்தபோதும் அதே சங்கதியைத்தான் தொடர்ந்தார்கள். காகிதத்தில் நாம் பயங்கர ஸ்ட்ரிக்ட். நடைமுறையில் தெருமுனை ஹார்டுவேர் கடையில் நின்றுகொண்டிருக்கிற அண்ணன்தான் வந்து எல்லாத்தையும் செய்துவிட்டுப் போவார். அது உங்களுக்கே தெரியும், அதை விடுங்க.

எனக்கு உறுத்தின கேள்வி வேற. வீட்டு வயரிங்கில் ஆள் சாகாமல் இருக்க, 'யார் செய்யணும்'னு சட்டம் போடுவது உதவுமா, 'எப்படிச் செய்யணும்'னு சட்டம் போடுவது உதவுமா? இங்கிலாந்துக்காரர்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தவர்கள், அதுவும் சுமார் 140 வருஷ இடைவெளிக்குள். அந்தக் கதை கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படிங்க.

*

வீட்டில் தானே மின்சார வேலை பார்த்த ஆசாமிகளில் மிகப் பிரபலமானவர் யார் தெரியுமா? சாலிஸ்பரி பிரபு. ஆமாம், 1885ல் ஆரம்பித்து மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தாரே, அவரேதான். மனுஷனுக்கு அறிவியல் பைத்தியம். ஹாட்ஃபீல்டில் இருந்த தன் அரண்மனை மாதிரி வீட்டிலேயே சொந்தமாக ஒரு சோதனைக்கூடம் வைத்திருந்தார். லண்டன் தெருக்களில் கேஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்த காலத்தில், 1880ஐ ஒட்டி, தன் வீட்டுக்கு மின்விளக்கு போட்டே தீருவது என்று இறங்கினார்.

அப்போது வயரிங் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. சுவிட்ச் எப்படி இருக்கணும், ஒயர் எவ்வளவு தடிமன் வேணும், எதில் சுற்றணும், ஒன்றுக்கும் பதில் கிடையாது. தந்தி ஒயர் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். ஹாட்ஃபீல்ட் வீட்டின் நீளமான கூடத்தில் மேற்கூரையை ஒட்டி ஓடின ஒயர்கள் திடீர் திடீரென்று தீப்பொறி கக்குமாம். கீழே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் குடும்பத்தார் பதறாமல் சோபாவில் கிடக்கும் குஷனைத் தூக்கி எறிந்து தீயை அணைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்களாம். அந்தக் குடும்பமே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

சிரிக்க முடியாத ஒன்றும் அதே இடத்தில் நடந்தது. 1881ல், அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு இளைஞர் மின்கம்பியில் கை வைத்து அங்கேயே இறந்துபோனார். பிரிட்டனில் மின்சாரம் பலி வாங்கின ஆரம்ப கால மரணங்களில் ஒன்று. வீட்டுக்காரரின் ஆர்வம், உயிர் போனது தோட்டக்காரருக்கு. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இது பின்னாடியும் வரும்.

அடுத்த வருஷமே, 1882ல், தந்திப் பொறியாளர்கள் சங்கம் ஒரு கமிட்டி போட்டு விதிகள் எழுதியது. (அந்தச் சங்கம்தான் பிறகு மின் பொறியாளர்கள் கழகமாகப் பெயர் மாறியது. அவர்கள் அன்றைக்கு எழுதினதுதான் இன்று பிஎஸ் 7671 என்கிற தலையணை சைஸ் புத்தகமாக வளர்ந்து, 2018ல் 18வது பதிப்பு கண்டது.) முதல் பதிப்பு வெறும் நாலு பக்கம், 21 விதி. கமிட்டியில் இருந்த பெயர்களைப் பார்த்தால் பி.இ. படித்த எவனுக்கும் செமஸ்டர் பயம் வரும். பிற்பாடு கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், க்ரூக்ஸ், க்ராம்ப்டன், ப்ரீஸ், சீமென்ஸ் குடும்பத்து அலெக்சாண்டர்... இதில் க்ரூக்ஸின் வீடு லண்டனிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த வீடுகளில் ஒன்று. தாம்சனும் கிளாஸ்கோவில் தன் வீட்டுக்கு விளக்கு போட்டிருந்தார். அதாவது விதி எழுதினவர்களே வீட்டில் கை வைத்துப் பார்த்தவர்கள்.

அந்த 21 விதியின் தலைப்பே தீவிபத்தைத் தடுப்பது பற்றித்தான். ஷாக் அடிப்பது பற்றிக் கடைசியில் கொஞ்சம் போல வரும். ஒரே அறையில் எந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே 200 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. இன்றைக்கு நம் வீட்டு பிளக் பாயிண்டிலேயே 230 வோல்ட் இருக்கிறது, அது வேற விஷயம் :-)

ஏன் தீ மேல் இவ்வளவு கரிசனம்? இன்சூரன்ஸ்! அதே 1882ல் ஃபீனிக்ஸ் என்கிற தீ இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மஸ்க்ரேவ் ஹீஃபி என்பவரும் தனியாக ஒரு விதித் தொகுப்பு எழுதினார். வீடு எரிந்தால் கம்பெனி பணம் கொடுக்கணும். ஆள் செத்தால் தீ இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு பைசா செலவில்லை. ஆக முதல் விதிகள் யார் பர்ஸைக் காப்பாற்ற வந்தன என்று யோசித்தால் கொஞ்சம் கசக்கும்.

இன்னொன்று கவனிக்கணும். இவை சட்டம் இல்லை. ஒரு சங்கம் சொன்ன புத்திமதி, அவ்வளவே. 'இந்த வேலையை இன்னார்தான் செய்யணும்' என்று அதில் எங்கேயும் இல்லை. ஆனால் முன்னுரையில் ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: ஆபத்து பெரும்பாலும் சாமான்களைச் சப்ளை செய்து பொருத்துகிறவர்களின் அறியாமையாலும் அனுபவமின்மையாலும்தான் வருகிறது என்கிற கருத்தில். கவனிங்க, வீட்டுக்காரரைச் சொல்லவில்லை. காசு வாங்கிக்கொண்டு பொருத்துகிறவரைத்தான் சொன்னார்கள்.

*

அடுத்த ஐம்பது வருஷத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். மின்சாரம் பணக்காரர் வீட்டிலிருந்து நடுத்தர வீட்டுக்கு வந்தது. 1926 சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க ஒரே கிரிட் வந்தது. வீட்டுக்குள்ளே மட்டும் ஒரே குழப்பம். 2 ஆம்பியர், 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று உருண்டை முள் வைத்த பிளக்குகள், இரண்டு முள், மூன்று முள், கம்பெனிக்கு ஒரு டிசைன். இஸ்திரிப் பெட்டியை ஹோல்டரில் பல்பைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டுவார்கள். ஹோல்டரில் ஏது எர்த்? நம்ம வீட்டுப் பெருசுகளைக் கேட்டால் இங்கேயும் அந்தப் பழக்கம் இருந்ததைச் சொல்வார்கள்.

இந்தக் காலத்தில் வருகிற ஒரு அம்மாவைத் தாண்டிப்போக எனக்கு மனசில்லை. கரோலின் ஹாஸ்லெட். 1924ல் தொடங்கின பெண்கள் மின்சாரச் சங்கத்தின் முதல் இயக்குநர். சமையலறையில் நாள் முழுக்க நிற்பது பெண்கள், மின்சாமான்களோடு மல்லுக்கட்டுவதும் அவர்கள், ஆனால் ப்யூஸ் போனால் ஆம்பிளை வரும்வரை இருட்டில் உட்காரணுமா என்பதுதான் அந்தச் சங்கத்தின் கேள்வி. வகுப்பு நடத்தினார்கள். 1934ல் பெண்களுக்கென்றே ஒரு மின்சாரக் கையேடு ஹாஸ்லெட்டைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வந்தது. 'தொடாதே' என்று சொல்லாமல் 'தெரிந்துகொண்டு தொடு' என்று சொன்ன ஆட்கள்.

1942. போர் நடக்கிறது, லண்டனில் குண்டு விழுந்து வீடுகள் தரைமட்டம். போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் வீடு கட்டணும், தாமிரமோ தட்டுப்பாடு. அந்த வீடுகளுக்கு வயரிங் எப்படி இருக்கணும் என்று யோசிக்க ஒரு கமிட்டி. 20 பேர் இருந்த கமிட்டியில் ஒரே பெண், ஹாஸ்லெட். 1944ல் அறிக்கை, 1947ல் அதிலிருந்து பிறந்த பிஎஸ் 1363 என்கிற தரநிலை. லண்டன், சிங்கப்பூர், துபாய், கொழும்பு என்று சுற்றியவர்களுக்குத் தெரியும், சதுர முள் மூன்று வைத்த, காலில் மிதித்தால் உயிர் போகிற அந்தக் கட்டை பிளக். அதுதான் இது.

அந்தப் பிளக்கை ஒருமுறை பிரித்துப் பாருங்கள், மனுஷன் என்னமா யோசித்திருக்கிறான் என்று தோணும். எர்த் முள் மற்ற இரண்டைவிட நீளம். அது முதலில் உள்ளே போய் ஃபேஸ், நியூட்ரல் ஓட்டைகளை மூடியிருக்கும் சின்னக் கதவைத் திறக்கும். அதற்கு முன்னால் குழந்தை ஊசியையோ ஆணியையோ விட்டுப் பார்த்தாலும் உள்ளே போகாது. அந்த மூடி வேணும் என்று குரல் கொடுத்தவர்களில் ஹாஸ்லெட் முக்கியமானவர். பிளக்குக்குள்ளேயே ஒரு ப்யூஸ், அதிகபட்சம் 13 ஆம்பியர். உள்ளே ஒயர் பிய்ந்தால் முதலில் ஃபேஸ் கழன்று எர்த் கடைசியில் கழல்கிற மாதிரி எர்த் ஒயரைக் கொஞ்சம் நீளமாக விடச் சொல்வார்கள்.

பிளக்குக்குள் ப்யூஸ் ஏன்? தாமிரத்தை மிச்சம் பிடிக்க ரிங் சர்க்யூட் என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மெயின் போர்டிலிருந்து கிளம்பின ஒயர் எல்லா பிளக் பாயிண்டுக்கும் போய்ச் சுற்றி அதே போர்டுக்குத் திரும்பி வரும். கரண்டுக்கு இரண்டு வழி, அதனால் ஒல்லி ஒயரே போதும். மொத்த வளையத்துக்கும் போர்டில் ஒரே ஒரு 30 ஆம்பியர் ப்யூஸ் (இப்போது 32). ஒரு டேபிள் லேம்ப்பின் மெல்லிய ஒயருக்கு 30 ஆம்பியர் ப்யூஸ் எந்தப் பாதுகாப்பும் தராது, அந்த லேம்ப் ஒயர் எரிந்து சாம்பலானாலும் அது கண்டுகொள்ளாது. அதனால் ஒவ்வொரு பிளக்கும் தன் ஒயரைத் தானே காப்பாற்றிக்கொள்ளணும்.

அழகான யோசனை, ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. வளையம் எங்காவது அறுந்தால் வெளியே தெரியாது. எல்லா பாயிண்டிலும் கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் இரண்டு வழியில் போகவேண்டிய சுமை ஒரே வழியில் போகும், ஒயர் சுவருக்குள் சத்தமில்லாமல் சூடாகும். வளையத்தில் ஒரு பாயிண்ட் சேர்க்கிறேன் என்று கழற்றி மாட்டும் வீட்டுக்காரர் ஒரு முனையைச் சரியாக முறுக்காமல் விட்டால் போதும். லைட் எரியுது, வேலை முடிஞ்சுதுன்னு நம்பிக்கொண்டிருப்பார். மீட்டர் வைத்து முனைக்கு முனை அளந்தால்தான் தெரியும். டெஸ்டர் சொல்லாது.

(இடையில் ஒரு சின்ன ஒப்பாரி. பிரிட்டன் 1947ல் இதற்கு மாறிப்போனது. நாம் சுதந்திரம் வாங்கினதும் அதே வருஷம். அவர்கள் தூக்கிப்போட்ட 1934 காலத்து உருண்டை முள் பிளக்கை நாம் இன்னும் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டு ஏசி, கீஸர் பாயிண்டைப் பாருங்கள், தாத்தா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.)

*

போருக்குப் பிறகு இங்கிலாந்தில் 'நீயே செய்துகொள்' காலம். கூலி ஏறிப்போனது, ஆள் கிடைப்பதில்லை, சொந்த வீடு வாங்கினவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். 50களின் கடைசியிலும் 60களிலும் பேரி பக்னல் என்பவர் பிபிசி டிவியில் சுத்தியலும் கையுமாக வந்து கதவுக்குப் பலகை அடிப்பது எப்படி என்று காட்டினால் நாடே உட்கார்ந்து பார்க்கும். 1969ல் சவுத்தாம்ப்டனில் பி&க்யூ கடை திறந்தார்கள். பெயிண்ட், பலகையோடு சுவிட்ச், ஒயர் எல்லாம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

இன்னொரு வேடிக்கை. 1994ல் சட்டம் வரும்வரைக்கும் கடையில் ஒரு கெட்டிலோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் பெரும்பாலும் பிளக் இல்லாமல்தான் கொடுப்பார்கள். ஒயர் நுனி மொட்டையாகத் தொங்கும். பிளக்கைத் தனியாக வாங்கி நீங்களே மாட்டிக்கொள்ளணும். அதனால் பள்ளிக்கூட இயற்பியலிலேயே பிளக் மாட்டுவது ஒரு பாடம். ஆக ஒரு தேசமே எலக்ட்ரீஷியன். நன்றாக மாட்டினவர்களும் உண்டு, ப்யூஸுக்குப் பதில் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்தவர்களும் உண்டு.

இத்தனை காலமும் வீட்டு வயரிங்கில் யார் கை வைக்கலாம் என்று சட்டம் வாயே திறக்கவில்லை. சங்கத்தின் புத்தகம் மட்டும் பதிப்புக்குப் பதிப்பு தடித்துக்கொண்டே போனது. 1992ல் அது தேசியத் தரநிலை ஆனது. அப்போதும் சட்டம் ஆகவில்லை.

*

2005 ஜனவரி 1. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட விதிமுறைகளில் 'பார்ட் பி' என்று ஒரு புதுப் பகுதி அமலுக்கு வந்தது. வீட்டுக்குள் மின் வேலைக்கு முதன்முறையாகச் சட்டத்தின் கை. அப்போது அரசாங்கம் சொன்ன கணக்கு: வீட்டில் பாதுகாப்பில்லாத மின் அமைப்புகளால் சராசரியாக வருஷத்துக்குப் பத்துப் பேர் சாகிறார்கள், 750 பேருக்குப் படுகாயம்.

சாராம்சம் இதுதான். நீங்களே செய்யலாம், தடை இல்லை. ஆனால் புது சர்க்யூட் இழுப்பது, மெயின் போர்டை மாற்றுவது, சமையலறையிலோ குளியலறையிலோ தோட்டத்திலோ பாயிண்ட் சேர்ப்பது மாதிரி வேலை என்றால், ஆரம்பிப்பதற்கு முன்னால் உள்ளூராட்சியின் கட்டடப் பிரிவுக்குச் சொல்லி, கட்டணம் கட்டி, அவர்கள் வந்து பார்க்கும்படி செய்யணும். கட்டணம் பல ஊரில் நூறு பவுண்டைத் தாண்டும். இல்லையென்றால் பதிவு பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள், அவர் தானே சான்றிதழ் கொடுத்துவிடுவார். மீறினால் அப்போது 5,000 பவுண்டு வரை அபராதம்.

இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு மரணம் உண்டு. ஜென்னி டோங்கே அப்போது ரிச்மண்ட் பார்க் தொகுதியின் எம்.பி. 2004ல் அவர் மகள், முப்பதுகளில் இருந்தவர், தன் வீட்டுச் சமையலறையில் சுவரில் மாட்டியிருந்த ஒரு உலோகத் தாங்கியைத் தொட்டார். கரண்டி மாட்டுவோமே, அந்த மாதிரி. அங்கேயே இறந்துபோனார். விதி அதற்கு முன்னாலேயே தயாராகிக்கொண்டிருந்ததுதான், ஆனால் இந்த மரணம் அதற்கு ஒரு முகம் கொடுத்தது.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கணும், ஏனென்றால் மொத்த விவாதமும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது.

சுவருக்குள் ஒயரைப் பதிக்க ஒரு மரபு உண்டு. சுவிட்சிலிருந்தோ பாயிண்டிலிருந்தோ நேர் மேலே, நேர் கீழே, இல்லை நேர் பக்கவாட்டில். அப்போதுதான் பிறகு வருகிறவர் சுவிட்சைப் பார்த்து 'ஓஹோ, இதற்கு நேரே ஒயர் ஓடும், ஆணி அடிக்கக் கூடாது' என்று ஊகிக்க முடியும். அந்தச் சமையலறையில் ஒயர் சாய்வாக ஓடியிருந்தது. குறுக்கு வழி, ஒன்றிரண்டு மீட்டர் ஒயர் மிச்சம். பிறகு அந்தத் தாங்கியை மாட்டியபோது ஸ்க்ரூ சரியாக அந்த ஒயருக்குள் இறங்கிவிட்டது.

ப்யூஸ் ஏன் போகவில்லை? அங்கேதான் விஷயம். ஸ்க்ரூ ஃபேஸை மட்டும் தொட்டால் கரண்ட் எங்கேயும் ஓடாது. தாங்கிக்கு எர்த் கிடையாது, சுவரோ காய்ந்த சுவர். தாங்கி முழுக்க 230 வோல்ட் ஏறி, ஒரு கை தொடுவதற்காகக் காத்துக்கொண்டு நிற்கும். இன்னொரு கை எர்த் ஆன எதையாவது, பாத்திரம் கழுவும் மெஷினையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டால் வட்டம் பூர்த்தி. மனித உடம்பின் தடை ஓராயிரம் ஓம் என்று வைத்தால் ஓடுவது சுமார் 230 மில்லி ஆம்பியர், அதாவது கால் ஆம்பியர் கூட இல்லை. 32 ஆம்பியர் ப்யூஸுக்கு அது கொசு கடிக்கிற மாதிரி. இதயத்துக்கு அது மிக மிக அதிகம்.

இதைப் பிடிக்கிற ஒரே சாமான், நம்மூரில் ஈஎல்சிபி என்றும் ஆர்சிசிபி என்றும் சொல்லும் அந்தப் பெட்டி. போன கரண்ட்டும் திரும்பி வந்த கரண்ட்டும் சமமா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது யார் உடம்பு வழியாகவோ வெளியே கசிந்தால், தட்டிவிடும். 150 மில்லி ஆம்பியர் கசிந்தால் 40 மில்லி செகண்டுக்குள் தட்டியாகணும் என்பது தரநிலை. வலிக்கும், கத்துவோம், பெரும்பாலும் பிழைத்துக்கொள்வோம்.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ஒயரைச் சாய்வாக ஓட்டினது வீட்டுக்காரர் இல்லை, காசுக்கு வேலை செய்தவர்கள். தாங்கி மாட்டினது சாதாரண வீட்டு வேலை, அதற்கு எந்தச் சட்டத்திலும் பதிவு தேவையில்லை. 1882 கமிட்டி முன்னுரையில் யாரைக் குறித்துக் கவலைப்பட்டதோ, அவர்களேதான்! 'யார் செய்யணும்' என்கிற சட்டம் இங்கே எங்கே உதவியிருக்கும்? வேலை முடிந்ததும் யாராவது வந்து பார்த்து, சாய்வு ஒயரைக் கண்டுபிடித்திருந்தால் உதவியிருக்கும். பூச்சு பூசி டைல்ஸ் ஒட்டின பிறகு வந்து பார்த்து என்ன பிரயோஜனம்? அதனால்தான் 'ஆரம்பிப்பதற்கு முன்னால் சொல்' என்ற வரி எனக்கு அந்தச் சட்டத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. கட்டணமும் அபராதமும் அதைச் சுற்றிப் போட்ட வேலி.

நடந்தது என்னவோ, வேலியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஒரு பாயிண்ட் சேர்க்க ஐம்பது பவுண்டு சாமான், அதைச் சொல்ல நூறு பவுண்டுக்கு மேல் கட்டணம் என்றால் எவன் சொல்வான்? சொல்லாமல் செய்தார்கள். இல்லை, செய்யாமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சொருகிச் சமாளித்தார்கள். இதில் எது பத்திரம் என்று நீங்களே சொல்லுங்க.

இதோடு இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. அதே சமயம் பிரிட்டனில் ஒயர் கலர் மாறியது. ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு என்று இருந்தது, ஐரோப்பாவோடு ஒத்துப்போக பழுப்பும் நீலமும் ஆனது. 2004 மார்ச் 31லிருந்து புது கலர் போடலாம், 2006 ஏப்ரல் முதல் போட்டே ஆகணும். உடனே நம்ம ஆட்கள் மாதிரி சிலர் பழைய கலர் ஒயரை ரோல் ரோலாக வாங்கிப் பரணில் போட்டுக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எதற்கு? பிறகு யாராவது கேட்டால், 'ஐயா கலரைப் பாருங்க, இது சட்டம் வரதுக்கு முந்தியே செஞ்ச வேலை' என்று சொல்லத்தான். தங்கமலை ரகசியம் மாதிரி பரணில் ஒயர்!

சிரிப்பு ஒருபுறம் இருக்க, இந்தக் கலர் மாற்றத்தில் நிஜமான ஆபத்து உண்டு. பழைய மூன்று ஃபேஸ் முறையில் நீலம் ஒரு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புது முறையில் நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு ஃபேஸ். அப்படியே தலைகீழ். பாதி பழசும் பாதி புதுசுமாக இருக்கிற ஒரு பெட்டியைக் கலரை நம்பித் தொட்டால் கதை முடிந்தது. நம்மூர் வீடுகளில் இன்னும் பரவலாகப் பார்ப்பது சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புதான். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினைப் பிரிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கணும். கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க.

*

சட்டம் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி தொடவும் இல்லை. ஸ்காட்லாந்துக்குத் தனிக் கட்டட விதிகள், அங்கே பார்ட் பி கிடையாது. வட அயர்லாந்திலும் கிடையாது. கொஞ்சம் தூரம் தள்ளிப் பார்த்தால் இன்னும் தமாஷ். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்காரர் பாயிண்ட் மாற்றினாலே குற்றம். பக்கத்து நியூசிலாந்தில், 1992 மின்சாரச் சட்டப்படி வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கில் குறிப்பிட்ட வேலைகளைத் தானே செய்யலாம். பெரும்பாலும் கரண்ட்டை நிறுத்திவிட்டு, விதிப்படி. புது வயரிங் என்றால் இணைப்பு கொடுப்பதற்கு முன்னால் பரிசோதகர் வந்து பார்க்கணும். ஒரே வோல்ட்டேஜ், ஒரே மாதிரி பிளக், நடுவில் ஒரு கடல்.

பிரிட்டனில் என் பார்வையில் அதிக வேலை செய்தது பார்ட் பி இல்லை. 2008ல் வந்த சங்கப் புத்தகத்தின் 17வது பதிப்பு. சுவருக்குள் 50 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில், உலோகக் குழாய் மாதிரி தடுப்பு இல்லாமல் ஓடுகிற ஒயருக்கும், பொதுஜனம் பயன்படுத்துகிற சாதாரண பிளக் பாயிண்டுகளுக்கும் 30 மில்லி ஆம்பியர் பெட்டி வேணும் என்று அது சொன்னது. அந்தச் சமையலறை மரணத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. வேலை செய்தவன் திறமைசாலியா, சோம்பேறியா, வீட்டுக்காரரா, வேன் வைத்திருக்கிறவரா என்று அந்தப் பெட்டி கேட்காது. ஹாஸ்லெட்டின் பிளக் மூடி மாதிரிதான் இதுவும்.

அதற்காகப் பார்ட் பி வீண் என்று சொல்ல மாட்டேன். பதிவு பெற்ற ஆட்கள் என்று ஒரு பட்டியல் வந்தது, வீடு விற்கும்போது வாங்குகிறவரின் வக்கீல் 'மின் வேலைக்குச் சான்றிதழ் எங்கே' என்று கேட்க ஆரம்பித்தார். அபராதத்துக்குப் பயப்படாதவர்கள் வீட்டு விலை குறையும் என்றதும் பயந்தார்கள். இதுவும் 1882 இன்சூரன்ஸ் கதையின் மறுபதிப்புதான், பர்ஸைத் தொட்டால்தான் பல்பு எரியும்.

2012ல் பாராளுமன்றக் குழு ஒன்று இதைத் திரும்ப ஆராய்ந்தது. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் பட்டியலைச் சுருக்கினார்கள். இனி முன்கூட்டிச் சொல்லவேண்டியது மூன்றே வகை: புது சர்க்யூட், மெயின் போர்டு மாற்றம், குளியல் தொட்டியையும் ஷவரையும் சுற்றின இடம் (நீச்சல் குளம், சானா உள்பட). உள்ளூராட்சிக்குப் போகாமல், பதிவு பெற்ற மூன்றாம் ஆளைக் கொண்டு சோதித்துச் சான்றிதழ் வாங்கும் வழியும் திறந்தது. சமையலறையும் தோட்டமும் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. ஆமாம், எந்தச் சமையலறை மரணத்தைச் சொல்லி எல்லோரும் பேசினார்களோ, அதே சமையலறை.

வேல்ஸ் அப்போது மாறவில்லை, பழைய நீளப் பட்டியலையே வைத்துக்கொண்டது. ஆக அந்த 2013 ஏப்ரலில் பிரிஸ்டலில் ஒருவர் தன் சமையலறையில் ஏற்கனவே இருக்கும் சர்க்யூட்டிலிருந்து ஒரு பாயிண்ட் சேர்த்தால் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. செவர்ன் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கிற அவர் மச்சான் அதே ஒயரை, அதே பாயிண்ட்டை, அதே ஸ்க்ரூ டிரைவரால் மாட்டினால் முதலில் கவுன்சில் ஆபீஸுக்கு ஒரு நடை போய்ப் பணம் கட்டிவிட்டு வரணும்.